பின்பனிக் காலையில் பறவை பார்க்கப் பெண்கள் போகலாமா?

கொடைக்கானலில் மாசி மாதத்து விடியல் இன்னும் நடுக்கும் குளிருடன்தான் வருகிறது. ஆங்கிலப் பாடநூல்கள் வசந்தத்தின் தொடக்கம் என்று சொல்லக்கூடிய இந்நாட்களை நம் முன்னோர் பின்பனி என்றனர். மலையில் வாழ்வோருக்கு அதுவே பொருத்தமான பெயர். இக்குளிரில் மாணவியரை ஏரிக்கரைக்கும் சோலைக்காட்டு ஓரத்திற்கும் அழைத்துச் சென்று பறவைகளைக் காட்ட வேண்டும் என்றால், பெற்றோர் சிலர் உடனே கேட்கிறார்கள்: "சளி பிடிக்காதா? பெண்பிள்ளைக்குக் குருவி பார்த்து என்ன ஆகப்போகிறது?"

சளிக்குக் கம்பளிச் சட்டையும் குல்லாவும் போதும். குளிர்காலைதான் வேண்டும் என்பதற்குக் காரணமும் உண்டு. இரவெல்லாம் உடற்சூட்டைக் காப்பதில் சிறு பறவைகளின் கொழுப்பு கரைந்துபோகிறது. விடிந்ததும் அவை பசியோடு இரை தேடும். பூச்சிகளோ வெயில் பட்டால்தான் அசையும். ஆகவே முதல் வெயில் விழும் மரத்தைப் பார்த்து அமைதியாக நின்றால் போதும், பறவைகள் தாமே அங்கு வந்து சேரும். உச்சிப்பொழுதில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் நடந்தாலும் இந்தக் காட்சி கிடைக்காது.

ஓடைக்கரையில் வாலை ஓயாமல் ஆட்டும் கரும்சாம்பல் வாலாட்டி இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்த விருந்தாளி. புதரில் கூட்டமாகக் கூச்சலிடும் பழனிச் சிரிப்பானோ பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் மட்டுமே வாழ்வது. உலகில் வேறெங்கும் இல்லை. நம் வீட்டு வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் இதன் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெங்குவினைப் பற்றி மட்டும் பத்து வரி தடையின்றி எழுதுகிறோம்!

பெண்ணுக்கு இதனால் என்ன பயன் என்போர் ஜமால் ஆரா அம்மையாரை அறிய வேண்டும். பள்ளிப் படிப்போடு நின்ற அவர், சோட்டா நாகபுரிக் காடுகளில் நடந்து நடந்து பறவைகளைக் குறித்து வைத்தார். பறவை நோக்குதலைப் பற்றி அவர் எழுதிய நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1970-இல் வெளியிட்டது. பட்டமல்ல, கண்ணும் குறிப்பேடும் பொறுமையுமே அவருடைய மூலதனம்.

செண்பகனூரில் இயேசு சபைக் குருக்கள் அமைத்த அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பறவைகளைக் காணலாம், காணவும் வேண்டும். ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பது பாடாது, பறக்காது. மலைப்பொழிவில் ஆண்டவர் நம்மைப் பார்க்கச் சொன்னது உயிருள்ள பறவைகளை அல்லவா?

பெற்றோரின் இன்னொரு பயம் நியாயமானது: காட்டெருமை. அதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். நன்றாக வெளிச்சம் வந்தபின், ஆசிரியையரோடு கூட்டமாகத்தான் புறப்பட வேண்டும். தாய்மாரும் உடன் வரலாம். அவர்களுக்கும் சமையலறையைவிட்டு ஒரு காலை கிடைக்கட்டுமே.

அதற்கும் மனம் வராதவர்கள் பள்ளி வளாகத்திலிருந்தே தொடங்கலாம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் 4 நாட்கள் உலகெங்கும் பறவைகளை எண்ணுகிறார்கள். 2013 முதல் இந்தியரும் அதில் பங்கு கொள்கின்றனர். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே கணக்கில் சேரும். வெயில் ஏறினால் வாலாட்டிகள் வடக்கே புறப்பட்டுவிடும். பெற்றோரின் அனுமதிக் கடிதங்கள் அதற்கு முன்பே வந்து சேர வேண்டும்.