ஒரே துப்பாக்கி இரண்டு வேலைக்கு ஆகுமா?

மலையடிவார ஊர்களுக்குப் பயிர் பார்க்கப் போனால், "ஐயா, காட்டுப்பன்றியைச் சுடவும் வேண்டும், பையன் கிளப்பில் குறி பார்த்துப் பழகவும் வேண்டும், எந்த ரைபிள் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அது வீண் செலவு என்பதே என் கருத்து.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. பயிர்க் காவலுக்குப் பொதுவாக உரிமம் தருவது, குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு. பாயிண்ட் 22 ரைபிள், அங்கீகாரம் பெற்ற கிளப் உறுப்பினரின் பயிற்சிக்கு.

பாயிண்ட் 22 குண்டு சாதாரணமாக மூன்று கிராம்கூட இராது. 50 மீட்டரில் அட்டையைத் துளைக்க அது போதும். பெரிய பன்றி மேல் பட்டால் காயத்தோடு ஓடிப் புதரில் படுக்கும். மறுநாள் களையெடுக்கும் பெண்கள் மேல் பாயும். குறி தப்பிய குண்டோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். அங்கே யார் காவலுக்குப் படுத்திருக்கிறார்களோ! மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் குழலில் வரிகள் இல்லை, பந்தயத்துக்கு உதவாது.

உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குத் தனி உத்தரவு வேண்டும். தமிழக அரசு 2025-இல் வகுத்த முறையிலும், காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறையினரே. அவர்கள் எத்தனை இரவு வருவார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயந்தான்.

பையன் கிளப் ரைபிளிலேயே பழகட்டும். கடலைக்காட்டைச் சுற்றி ஆமணக்கை நெருக்கி விதையுங்கள். பக்கத்து நிலத்தாரோடு சேர்ந்து, வனத்துறையில் பதிந்து, சூரிய மின்வேலி போடலாம். மோட்டார் கரண்டை மட்டும் வேலிக்குக் கொடுக்காதீர்கள்.