படுக்கையறைப் புராணம்

நம்மூர் சுயாதீன இசைக்காரர்களிடம் ஒரு வசனம் இருக்கிறது: “கொஞ்சம் ‘ரா’வா இருக்கட்டும் ப்ரோ, அதான் இண்டி.” பாட்டை வெளியிடுவதற்கு முந்தைய நாள் மிக்ஸிங் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், உடனே இது வந்து விழும். குரல் கிடாருக்குள் மூழ்கிக் கிடக்கும். வரிகளில் பாதி புரியாது. காரில் போட்டால் பேஸ் கதவை உலுக்கும், அதே பேஸ் போனில் இருக்கவே இருக்காது. கேட்டால் ‘ரா’வாம். பச்சையாகச் சாப்பிடுகிற காய் உண்டு, மறுக்கவில்லை. இது வேகாத சோறு.

இந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு புராணம் இருக்கிறது. பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும் லாஸ் ஏஞ்சலிஸில் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து ஒரு ஆல்பம் செய்தார்கள், 2020 கிராமி மேடையையே அள்ளிக்கொண்டு போனார்கள், ஆகவே லேப்டாப்பும் ஒரு மைக்கும் இருந்தால் போதும். இதைச் சொல்பவர்கள் ஒரு பகுதியை வசதியாக விழுங்கிவிடுகிறார்கள். அந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி. மாஸ்டரிங் செய்தவர் ஜான் கிரீன்ஹாம். இருவருக்கும் அதுதான் தொழில். அன்று அந்த ஆல்பம் வாங்கிய விருதுகளில் ஒன்று சிறந்த ஒலிப்பொறியியலுக்கானது என்பதாவது தெரியுமா? பாட்டு படுக்கையறையில் பிறந்தது உண்மை. அங்கேயே முடிந்தது என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

உள்ளூர்ப் புராணமும் இப்படித்தான். ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டையொட்டித்தான் ஸ்டுடியோ கட்டினார். வீட்டு ஸ்டுடியோதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இசையின் பின்னால் பல ஆண்டுகள் எச். ஸ்ரீதர் என்கிற சவுண்ட் இன்ஜினியரின் காது இருந்தது. ‘தில் சே’, ‘லகான்’ படங்களின் ஒலிக்காகத் தேசிய விருது வாங்கியவர். 2008இல் காலமானார். ரஹ்மானின் பாட்டை வரிக்கு வரி ஒப்பிக்கும் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

சரி, இந்த ஆட்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்? நான் பொறியியல் படித்தவன், கணக்குப் போடாமல் எனக்குத் தூக்கம் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தடிக்குப் பத்தடி அறை. சென்னையில் வாடகைக்கு இருப்பவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் அதுதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி முட்டி மோதித் திரும்பும்போது, சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை உருவாகிறது. ஒலியின் வேகத்தை அறையின் நீளத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் இந்த எண் வந்துவிடும். நிலையலையின் குணம் என்னவென்றால், சுவரோரம் அது பலமாகக் கேட்கும், அறையின் நட்டநடுவில் அநேகமாகக் கேட்காது. நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு திசையிலும் அதே இடத்தில் அதே பள்ளம். இப்போது பேஸ் கிடாரை எடுங்கள். அதன் ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். நீங்கள் அறையின் நடுவில் நாற்காலி போட்டு மிக்ஸ் செய்கிறீர்கள். அந்த ஸ்வரம் மட்டும் காதுக்கு வந்து சேரவில்லை. “பேஸ் பத்தலையே” என்று ஏற்றுகிறீர்கள். இன்னும் ஏற்றுகிறீர்கள். கார் கதவு ஏன் உலுக்குகிறது என்று இப்போது புரிகிறதா? காதில் குறையில்லை, திறமையிலும் குறையில்லை. அறை பொய் சொல்லியிருக்கிறது. ஒலிக்காகவே அமைத்த அறையில், வருடக்கணக்காக அதே ஸ்பீக்கரைக் கேட்டுப் பழகியவரிடம் அந்தப் பொய் செல்லாது.

போனுக்கு வேறு கதை. அந்தக் குட்டி ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸைத் தள்ளவே முடியாது. ஆனால் அதன் மடங்குகளான 110, 165, 220 ஒலித்தால் நம் மூளை அடியிலிருக்கும் 55ஐத் தானாகவே கற்பித்துக்கொள்ளும். நல்ல இன்ஜினியர் பேஸில் லேசாகச் சிதைவைச் சேர்த்து அந்த மடங்குகளை எழுப்பிவிடுவார். பஸ்ஸில் போனைக் காதோரம் பிடித்துக் கேட்பவருக்கும் பேஸ் கிடைக்கும்.

ஹெட்போனில் செய்துகொள்கிறேன் என்பவர்கள் அறையிடமிருந்து தப்பலாம். தன்னிடமிருந்து தப்ப முடியாது. பாட்டை எழுதியவருக்கு வரிகள் மனப்பாடம். குரல் எவ்வளவு அமுங்கிப் போனாலும் அவருக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் அவர் கேட்பது நினைவிலிருந்து. என் வேலையில் எவ்வளவு பெரிய ஆள் எழுதிய கோடாக இருந்தாலும் இன்னொருவர் ரிவியூ செய்யாமல் உள்ளே போகாது. அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. இசையில் மட்டும் ஏன் இந்த ரோஷம்?

எனக்கு உண்மையிலேயே வலிப்பது பறை விஷயத்தில்தான். தீயில் காய்ச்சி இறுக்கம் ஏற்றிய தோல், மெல்லிய குச்சியும் தடித்த குச்சியும் மாறி மாறி விழும் வேகம். அதன் உயிரே அடி விழும் அந்த முதல் சில மில்லிசெகண்டில்தான் இருக்கிறது. கோப்பை ஏற்றினால் நொடியில் மாஸ்டரிங் செய்து தரும் இணையச் சேவையில் இதைப் போட்டு, சத்தத்தைக் கூட்டச் சொல்லிப் பாருங்கள். அடியின் முனை மழுங்கி, அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல வரும். கொடுமை என்னவென்றால், ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது. அதாவது உயிரைக் கொடுத்து வாங்கிய சத்தத்தை அது திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். உயிர் மட்டும் திரும்பி வராது. கிக், ஸ்னேர், அக்கூஸ்டிக் கிடார் என்று மென்பொருளில் வரிசையாக ப்ரீசெட் இருக்கிறது. பறைக்கும் உடுக்கைக்கும் யார் போட்டு வைத்திருக்கிறார்கள்? அங்கே மனிதக் காதுதான் வேண்டும், அதுவும் அந்த வாத்தியத்தை நேரில் கேட்ட காது.

“காசு, ப்ரோ?” நியாயமான கேள்வி. இண்டி என்பதே சினிமா கம்பெனியின் பணமில்லாதவர்களுக்கான வழி. ஆனால் காசு வேறெங்கே போகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். முக்கால்வாசி பட்ஜெட் வீடியோவுக்குப் போகிறது. மலை உச்சியில் நின்று பாடுவதற்கு ட்ரோன், மழை இல்லாத ஊரில் மழை. பாட்டு என்னவோ சட்டிக்குள் பாடியதுபோல இருக்கிறது. ஐந்து பாட்டை அரைகுறையாக விடுவதற்குப் பதில் இரண்டை முழுதாகச் செய்யலாம். பெரிய ஸ்டுடியோ வேண்டாம். தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்து வெளியே வரும் இளைஞர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வேலை வேண்டும்.

கேட்பவர் நமக்குச் சலுகை தருவதில்லை. ப்ளேலிஸ்டில் உங்கள் பாட்டுக்கு முன்னால் ஓடுவது கோடிகளில் எடுத்த சினிமாப் பாட்டு. பத்தாவது நொடியில் விரல் அடுத்ததற்குப் போய்விடும். உங்கள் ஊரின் கதை, உங்கள் ஆத்தாவின் பேச்சு, சினிமா தொடவே மாட்டாத அந்த நாலு வரி எல்லாம் அந்தப் பதினோராவது நொடிக்குப் பிறகுதான் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. தெரிந்த பையன்தானே என்று “மச்சி, பிரியாணி வாங்கித் தரேன், நைட்டுக்குள்ள மிக்ஸ் பண்ணிக் குடு” என்று கேட்காதீர்கள். என்ன வாங்குவீர்கள் என்று முதலில் கேளுங்கள், பாதியை முன்பணமாகக் கொடுங்கள், திருத்தத்துக்கு ஒரு வாரம் விடுங்கள். யூடியூப் விவரக்குறிப்பில் ட்ரோன் ஓட்டியவர் பெயருக்கு மேலே அவர் பெயரைப் போடுங்கள்.