பாய்லருக்கு விதி எழுதிய பொறியாளர்கள்

1905 மார்ச் 20. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள பிராக்டன் நகரம். குரோவர் காலணித் தொழிற்சாலையில் காலை வேலை தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. புதிய பாய்லரைப் பராமரிப்புக்காக நிறுத்திவிட்டு, பழைய பாய்லரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது வெடித்து, கூரையைப் பிளந்துகொண்டு வெளியே பறந்தது. நான்கு மாடி மரக் கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள்.

அந்தக் காலத்துப் பாய்லர்களில் இரும்புத் தகட்டின் இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்து இணைப்பார்கள். அப்படிச் செய்யும்போது உருளை முழு வட்டமாக அமையாது. அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பு ஓரம் லேசாக வளைந்து நிமிரும். ஆண்டுக்கணக்கில் அப்படி வளைந்தால், ஒரு தகடு இன்னொன்றை மூடியிருக்கும் இடத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். வெளியிலிருந்து எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அது கண்ணில் படாது. நல்ல மனது படைத்த முதலாளியோ, நேர்மையான அரசு ஆய்வாளரோ மட்டும் இருந்தால் அதைத் தடுத்துவிட முடியாது. இணைப்பையே வேறு விதமாக வடிவமைக்க வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் பொறியாளர்கள்.

மாசசூசெட்ஸ் 1907-ல் பாய்லர் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாகாணங்களும் பின்தொடர்ந்தபோது ஊருக்கு ஒரு விதியாகிவிட்டது. ஓரிடத்தில் செல்லும் பாய்லர் இன்னோரிடத்தில் செல்லவில்லை. 1911-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் இந்தப் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டு ஒரு குழுவை அமைத்தது. தயாரிப்பாளர்களிடமிருந்து ஆட்சேபங்கள் குவிந்தன. குழு அவர்களைக் கூப்பிட்டுப் பேசியது. காப்பீட்டு நிறுவனங்களின் அனுபவத்தையும் கேட்டது. தகட்டின் தரம், கனம், இணைப்பு முறை, பாதுகாப்பு வால்வு என்று ஒவ்வொன்றுக்கும் விதி வகுத்தது. 1914-ம் ஆண்டுப் பதிப்பாக முதல் விதித்தொகுப்பு வந்தது. 1919-ல் பாய்லர் ஆய்வாளர்களும் தங்களுக்கென ஒரு தேசிய அமைப்பை உருவாக்கி, எங்கும் ஒரே அளவுகோலில் சோதிக்க வழிசெய்தார்கள். அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் பாய்லர்களின் அழுத்தம் பல மடங்கு கூடியது, வெடிவிபத்துகளோ குறைந்தன.

விதித்தொகுப்பை எழுதிய பொறியாளர் சங்கத்துக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அதன் விதிகளை மாகாணங்கள் விரும்பித் தங்கள் சட்டமாக்கிக்கொண்டன. தொழில் தெரிந்தவர்கள் ஒன்றுகூடி எழுதியதற்குக் கிடைத்த மரியாதை அது.

இந்தியாவில் பாய்லர் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. விதிகளும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று ஒரு பாய்லரில் விபத்து நேர்ந்தது. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு பாய்லரில் மீண்டும். இரண்டாவது விபத்தில் அன்றைக்கே 6 பேர் இறந்தார்கள். சிகிச்சை பெற்றுவந்த பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். இரு விபத்துகளுக்கும் இடையில் இருந்தது 55 நாட்கள். முதல் விபத்தின் பாடம் பக்கத்து யூனிட்டுக்குப் போய்ச்சேர அந்த அவகாசம் போதாது என்றால், அதை நம் பொறியியல் உலகம் தன் தோல்வியாகவே கருத வேண்டும்.

விபத்து நடந்தால் இங்கே விசாரணைக் குழு அமைக்கப்படும், இழப்பீடு அறிவிக்கப்படும், மேலாளர் மீது வழக்குப் பாயும். இவையெல்லாம் தேவைதான். ஆனால் அதே தொழிலைச் செய்யும் மற்ற பொறியாளர்களுக்கு, ‘எங்கே பிசகியது, உங்கள் ஆலையில் எதைப் பார்க்க வேண்டும்’ என்று சொல்வது யார்?

பிரிட்டனில் கட்டுமானப் பொறியாளர் அமைப்புகள் இதற்கு ஒரு வழி கண்டன. 1976-லேயே கட்டமைப்புப் பாதுகாப்புக்கென ஒரு நிலைக்குழுவை அமைத்த அவை, 2005-ல் ரகசியத் தகவல் திட்டம் ஒன்றைத் தொடங்கின. தன் தளத்தில் கண்ட குறையை ஒரு பொறியாளர் அதற்கு எழுதலாம். எழுதியவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் நீக்கப்படும். நிபுணர்கள் கருத்துச் சேர்த்து, அனைவரும் படிக்க வெளியிடுவார்கள். கட்டடம் விழுவதற்கு முன்பே, ‘விழுந்திருக்கும், தப்பியது’ என்ற செய்தி ஊர் முழுக்கப் போய்விடுகிறது. வேலை போய்விடுமோ என்று அஞ்சி வாய்மூடியிருக்கும் இளம் பொறியாளர்கள் நம் கட்டுமானத் தளங்களில் எத்தனை பேர்!

மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். எண்ணூரில் 2025 செப்டம்பர் 30 அன்று அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, அசாமிலிருந்து வந்த 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் ஒரு பொறியாளர் தவறிழைத்திருந்தால் அவரைக் கேட்பது யார்? தவறிழைக்கும் மருத்துவரின் பதிவை ரத்துசெய்ய மருத்துவ கவுன்சில் இருக்கிறது. வழக்கறிஞருக்கு பார் கவுன்சில். கட்டடக் கலைஞர்களுக்குக்கூட 1972-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. பொறியாளர்களுக்கு நாடு தழுவிய அப்படியொரு சட்டம் இல்லை. அது வர வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. 1920-ல் தொடங்கப்பட்ட இந்தியப் பொறியாளர் கழகத்துக்குத் தமிழ்நாட்டில் கிளைகள் உண்டு; மூத்த, அனுபவம் மிக்க உறுப்பினர்கள் உண்டு. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளில் உறுதிமொழி எடுப்பதோடு பொறியாளர் அமைப்புகளின் கடமை முடிந்துவிடக் கூடாது. பெயர் சொல்லாமல் குறைகளைத் தெரிவிக்க ஒரு முகவரியை அவை தொடங்கலாம். சாரம் கட்டுவதற்கும், மூடிய தொட்டிக்குள் இறங்குவதற்கும், பாய்லரைத் திறப்பதற்கும் சின்னச் சின்ன கையேடுகள் எழுதலாம். அவற்றைத் தமிழில் மட்டுமல்ல, இன்றைக்கு நம் தளங்களில் சாரம் ஏறுகிறவர்கள் பேசும் அசாமிய, ஒடியா, இந்தி மொழிகளிலும் அச்சிட்டு, வேலை தொடங்கும் முன் மேஸ்திரி வாசித்துக் காட்டும்படி கொடுக்கலாம்.