பத்து மணிக்குப் பிறகு

கவிஞரான நண்பர் ஒருவர், சென்னையில் ஒரு பழைய நாடக அரங்கில் நடந்த ராக் இசை இரவைப் பற்றிப் பேசுகையில், ‘தமிழில் இப்போதுதான் சுதந்திர இசை பிறந்திருக்கிறது’ என்றார். அந்த இரவு நானும் அவரோடு இருந்தேன். மூன்று குழுக்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம், மரத்தரை, முனகும் நாற்காலிகள். இரண்டாவது குழுவின் பேஸ் கிடார் இன்னும் என் நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது, மறுக்கவில்லை. அந்த இளைஞர்கள் மேல் எனக்கு ஆட்சேபணை கிடையாது. நண்பருடைய வாக்கியத்தின் மேல்தான், குறிப்பாக ‘இப்போதுதான்’ என்ற சொல்லின் மேல்.

‘இன்டி’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது 1970களின் பிற்பகுதிக்குப் பிறகு, இங்கிலாந்தில், பெரிய ரெக்கார்டு கம்பெனிகளின் வாசலில் நிற்காமல் தாங்களே தட்டுப் போட்டவர்களை வைத்து. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கிய பணத்தில் நான்கு பாட்டுக்களோடு ஒரு இசைத்தட்டை வெளியிட்டது. ஆக, அந்தச் சொல்லின் மையம் கிடார் அல்ல, கம்பெனி இல்லாமை. இதை ஒப்புக்கொண்டால் நண்பர் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறியாக வேண்டும்.

இங்கே ஸ்பெஷல் நாடகம் இருக்கிறது. கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் மூன்றாவது ஊர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்குகிறார்கள். அன்று சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) விட்டுச்சென்ற பாட்டும் கதையும் மட்டும் எல்லோருக்கும் பொது. பாய்ஸ் கம்பெனியின் கெடுபிடியிலிருந்து வெளியே வந்தவர்களைத் தாங்கியது இந்த மேடை. இவ்வூர்க்காரரான பி. யு. சின்னப்பாவும் சினிமாவுக்கு முன் இதில் நின்று பாடியவர்தான்.

இதைச் சொல்ல எனக்கு அருகதை கொஞ்சம் குறைவு. முப்பது வருஷங்களுக்கு முன் இதுபோன்ற ஒரு பத்திரிகையில் ஸ்பெஷல் நாடகத்தை ‘ஆபாசமும் சினிமா மெட்டும் சேர்ந்த அவியல்’ என்று எழுதியவன் நான். பபூனும் டான்ஸும் வரும் முதல் காட்சியைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு எழுந்து போனேன். நாடகம் தொடங்குமுன்னே என் விமர்சனம் முடிந்துவிட்டது. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற எங்கள் வட்டத்தில் இதை அன்று ஒருவரும் கேட்கவில்லை. கல்லில் உறைந்த இசை எங்களுக்குச் சௌகரியமானது. விடியும்வரை விழித்திருக்கச் சொல்லாது.

சென்ற பங்குனியில் திருமயம் பக்கம் ஒரு பொட்டலில் வள்ளி திருமணம். இந்தத் தடவை எழுந்து போவதில்லை என்ற தீர்மானத்தோடு உட்கார்ந்தேன். ஹார்மோனியக்காரர் வயசாளி, பின்பாட்டும் அவரே. பக்கத்தில் மிருதங்கம், டோலக், கையில் கிடைத்ததையெல்லாம் தட்டி ஓசை எழுப்பும் ஆல்ரவுண்ட். பபூனின் இரட்டை அர்த்தம் அன்றும் பல்லில் கல்லாகத்தான் இடறியது; அதற்கு நான் வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் இந்த நாடகத்தின் ஜீவன் தினைப்புனத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் இருக்கிறது. நாரதர் எங்கிருந்து என்ன கேட்பார் என்று வள்ளிக்குத் தெரியாது. அவள் விருத்தத்தை எந்த ராகத்தில் எடுப்பாள் என்று ஹார்மோனியத்துக்குத் தெரியாது. அவள் எடுத்த மாத்திரத்தில் விரல் போய்ச் சேர வேண்டும். ராக் குழுக்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்து சென்றடையும் அபாயத்தில் இவர்கள் இரவு இரண்டு மணிக்குச் சாவகாசமாகக் குடியிருப்பவர்கள்.

அன்று இரண்டு மணி வரவில்லை. பன்னிரண்டுக்கு முன்பே ஒரு போலீஸ்காரர் வந்து விழாக் கமிட்டியோடு பேசினார். மேடைக்குச் சீட்டுப் போயிற்று. நாரதர் ஒரு கேள்வி கேட்டார், வள்ளி ஒரு பதில் சொன்னாள், முருகன் தாலி கட்டினார். எல்லாம் பத்து நிமிஷம்.

2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவென்றால் மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்தில் 15 நாட்களுக்கு மேல் இல்லை. மூடிய அரங்கின் உள்ளே ஒலிப்பதற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஆக, கூரை இருக்கிறவன் பாடலாம்! நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் தூங்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால் வருஷத்தில் ஒரு இரவு, ஊர் முழுக்கப் பாய் விரித்துப் பொட்டலில் உட்கார்ந்திருக்கையில், யாருடைய தூக்கத்தைக் காப்பாற்றுகிறோம்?

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் கிடாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். எழுத வேண்டியதுதான். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்து இந்த நாடகக்காரர்களின் ஸீஸன் முழுக்க அழிந்தபோது நம்மில் எத்தனை பேர் எழுதினோம்? நான் எழுதவில்லை. சுதந்திரம் என்ற சொல் நமக்கு ஒரு உடையின் பெயராக ஆகிவிட்டது. கூலியும் தேதியும் அதற்குள் வருவதில்லை.

கூட்டம் கலைந்தபின் ஹார்மோனியக்காரர் பெட்டிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். ‘தர்க்கம் போச்சுங்கய்யா’ என்றார். புகாராகச் சொல்லவில்லை. முதல் பஸ் நாலரைக்கு. அதுவரை பஸ் நிறுத்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வள்ளி வேஷக்காரி பொட்டைக் கலைத்துவிட்டு, தான் சொல்ல வைத்திருந்த பதில்களை நாரதரிடம் மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகப் பாடிக்காட்டினாள். அவரும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மைக் இல்லை. யாரும் வந்து நிறுத்தவுமில்லை.