ஏர் பாக்ஸை வெட்டாதீர்கள்

“மைலேஜ் காட்டணும்னு கம்பெனிக்காரன் வண்டியோட மூச்சை அடைச்சு வச்சிருக்கான். ஏர் பாக்ஸைக் கழட்டிட்டு கூம்பு ஃபில்டர் போட்டு, மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏத்தினா வண்டி பறக்கும்.” சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முதல் கிராமத்துப் பட்டறை வரை இதைச் சொல்லாத ஆள் குறைவு. இது தவறு. சம்பளத்தில் மிச்சம்பிடித்துத் தவணை கட்டி வாங்கிய வண்டியை, இந்தப் பேச்சை நம்பிப் பையன்கள் கெடுத்துக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

2008-ல் வந்த யமஹா எஃப்இசட் 16-ஐ எடுத்துக்கொள்வோம். 153 சிசி, 7500 ஆர்பிஎம்மில் 14 குதிரைத்திறன். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். அந்த வேகத்தில், ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுக்க நிரம்பினால்கூட நிமிடத்துக்கு 570 லிட்டர் சொச்சம் போதும். ஃபில்டரின் பரப்பும் பெட்டியின் கொள்ளளவும் அதைக் கணக்கிட்டு அமைந்தவை. அதுவும் ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கினால்தான் இந்தத் தேவை. ஊருக்குள் நாம் கால்வாசி, அரைவாசித் திறப்பில்தான் ஓட்டுகிறோம். அப்போது காற்றைத் தடுப்பது கார்புரேட்டரில் இருக்கும் த்ராட்டில் தகடு. அது பாதி மூடிக்கிடக்கையில் ஃபில்டரை அகலத் திறந்து என்ன பயன்?

பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் விஷயம் இன்னும் மோசம். மெயின் ஜெட்டின் அதிகாரமெல்லாம் முக்கால் திறப்புக்கு மேல்தான். அதற்குக் கீழே ஊசியும் பைலட் ஜெட்டும் பார்த்துக்கொள்கின்றன. இந்த வண்டியில் கேபிள் திறப்பது தகட்டை மட்டும். ஊசியைத் தாங்கும் ஸ்லைடைத் தூக்குவது டயாஃப்ரத்தின் மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாடு. பெட்டிக்குள் அலைபாயாமல் நிற்கும் காற்றை வைத்துத்தான் அந்த வேறுபாட்டை ட்யூன் செய்திருக்கிறார்கள். பெட்டி போனதும் ஸ்லைடு தடுமாறுகிறது. நடு வேகத்தில் வண்டி திக்குகிறது. அதற்கு மெக்கானிக் மாற்றித் தருவதோ, அந்தத் திறப்பில் பெரும்பாலும் வேலையே இல்லாத மெயின் ஜெட்டை!

போதாக்குறைக்கு, இன்று பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது பழைய கார்ப் வண்டிக்குள் ஏற்கெனவே காற்று மிஞ்சித்தான் போகிறது. இன்னும் திறந்துவிட்டால் இன்ஜின் கொதிக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பிஸ்கட் நிறத்தில் இருக்கவேண்டிய முனை வெள்ளை வெளேரென்று இருக்கும்.

“இல்லண்ணா, பிக்கப் ஏறியிருக்கே” என்பார்கள். ஏறியது சத்தம். பெட்டி அடக்கிவைத்திருந்த உறுமல் இப்போது நேராகக் காதுக்கு வருகிறது. அதே ரோடு, அதே கியர். 40-லிருந்து 80 போக எத்தனை நொடி என்று முன்னும் பின்னும் அளந்துவிட்டு வந்து பேசட்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது தூசியை நினைத்துத்தான். மலிவுக் கூம்பு ஃபில்டரை விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகளாக வெளிச்சம் தெரியும். லாரிக்குப் பின்னால் ஓடும்போது மணல் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது; அது சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. அப்படி ஓடிய சிலிண்டரைப் பட்டறையில் இறக்கிப் பார்த்தால், போர் முழுக்க மேலும் கீழுமாகக் கீறல்; நகத்தால் வருடினால் தட்டுப்படும். பிறகு வண்டி ஆயில் குடிக்கிறது, நீலப் புகை தள்ளுகிறது என்று புலம்பி யாருக்கு லாபம்?

இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ஓட்டுகிறவர்களைக் காட்டுவார்கள். அங்கே ஹெட், கேம், எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, டைனோவில் அளந்து ஜெட் போடுகிறார்கள். அடிக்கடி இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறார்கள். தினம் வேலைக்குப் போகிற வண்டிக்கு அந்தப் பராமரிப்பு கிடையாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பெரும்பாலான பிஎஸ்6 வண்டிகளில் ஜெட்டே இல்லை. ஆக்சிஜன் சென்சார் பார்த்து இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த சென்சார் வயரில் ரெசிஸ்டர் செருகி ஏமாற்றுவது ட்யூனிங் ஆகாது.

பிக்கப் குறைந்திருந்தால் கம்பெனி ஃபில்டரையே புதிதாகப் போடுங்கள். டாப்பெட் இடைவெளி, செயின் டென்ஷன், கிளட்ச் பிளேட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர் இல்லாத பட்டறையில் ஏர் பாக்ஸ் மேல் கைவைக்க விடாதீர்கள்.