நூறு நாள் உழைத்தவர் எந்தக் கணக்கில்?



கிராமத்து மக்கள்தொகைப் பேச்சு வந்தால் பழைய தென்னாற்காட்டின் இருவேல்பட்டை மறக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916-இல் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று, அந்த ஆய்வு 1918-இல் நூலாயிற்று. பின்வந்த ஆய்வாளர்கள் அதே ஊருக்கு 2008 வரை திரும்பத் திரும்பப் போனார்கள். நிலக்காரரிடம் கட்டுண்டு உழைக்கும் படியாள் முறை இருந்த ஊரில், கூலிக்காரர் நிலக்காரரை மட்டுமே நம்பியிராத காலம் வந்ததை அப்படித்தான் பதிவுசெய்ய முடிந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கண்ணோ வேறு. ஆண்டில் 183 நாளுக்குக் குறையாமல் உழைத்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுந்தொழிலாளர். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் முதற்கட்டமாக வந்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அந்த நூறு நாளையும் முழுதாக வேலை பார்த்த பெண், வேறு கூலி கிடைக்காவிட்டால், குறுந்தொழிலாளர்தான்!

அப்படிப்பட்ட பெண்ணுக்கு வேலை பருவத்துக்குப் பருவம் மாறும்: காட்டுமன்னார்கோவில் பக்கம் நடவு, களை, அறுப்பு. பண்ருட்டிப் பக்கம் கோடையில் முந்திரி. இடையில் மாடு, ஆடு, வீட்டு வேலை. மாட்டைப் பார்ப்பது வேலையா என்று கேட்டால் அந்தப் பெண்ணே ‘சும்மாதான் இருக்கேன்’ என்பார். கணக்கெடுப்பவர் அதையே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

2011-இல் கடலூர் மாவட்ட மக்கள்தொகை சுமார் 26 லட்சம். இத்தனை பேரின் உழைப்பும் சரியாகப் பதிவாக, அடுத்த கணக்கெடுப்பில் படிவத்தோடு வருபவர், ‘என்ன வேலை?’ என்பதற்குப் பதில் ‘போன தை மாசம் என்ன செஞ்சீங்க, ஆடியில என்ன செஞ்சீங்க?’ என்று கேட்கட்டும்.

— வாசகர், சிதம்பரம்