அதிகாரம் ஓர் அமானிதம்

சிரியா நாட்டின் ஓரிடத்தில், சுட்டெரிக்கும் வெயிலில் குடியானவர்கள் சிலர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் தலைமீது எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. அவ்வழியே சென்ற நபித்தோழர் ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் காரணம் வினவினார்கள். வரி பாக்கிக்காக இந்தத் தண்டனை என்று பதில் வந்தது. இவ்வுலகில் மக்களை வதைப்போரை இறைவன் வதைப்பான் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறத் தாம் செவியுற்றதாக, அங்கேயே அவர்கள் சாட்சி பகர்ந்தார்கள். ஆளுநரிடமும் சென்று எடுத்துரைத்தார்கள். ஆளுநர் உடனே அம்மக்களை விடுவித்தார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

அந்தக் குடியானவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவர்கள் மீது வரி பாக்கி உண்மையாகவே இருந்திருக்கவும் கூடும். ஆயினும் ஹிஷாம் (ரலி) அவர்கள் அதை ஆராயவில்லை. ஒருவர் குற்றவாளியா, அல்லரா என்பதை நீதிபதி தீர்மானிக்க வேண்டும். பிடித்து வைத்திருப்பவரின் கை தீர்மானித்தல் ஆகாது.

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடை திறந்து வைத்ததாகக் கூறித் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டனர். சில நாட்களுக்குள் இருவருமே மாண்டனர். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரிடமே காவலர் ஒருவர் மரியாதையற்ற சொல்லை வீசினார் என்பதை அந்த நடுவரே உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். அந்த நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கும் நிலை ஏற்பட்டது. அதன் பின்னரேனும் பாடம் கற்றோமா? 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமற்போன புகாருக்காக விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் உயிரிழந்தார்.

சட்டத்தில் குறையா என்றால், அதுவும் இல்லை. கைது செய்பவர் தம் பெயர் தெரியும் அடையாளம் அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி ஒப்பமிட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றெல்லாம் டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்சநீதிமன்றம் விதித்துள்ளது. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா கட்டாயம் என 2020 டிசம்பரில் ஆணையிட்டது. விதிகள் உள்ளன, அவற்றைப் பேணும் உள்ளந்தான் அரிதாகி விட்டது.

கொடுமை தடியில் தொடங்குவதில்லை, நாவில் தொடங்குகிறது. 'வாருங்கள்' என்று அழைக்கப்பட வேண்டியவர் 'வாடா' என்று அழைக்கப்படும் அக்கணமே, அவர் மனிதர் என்னும் எண்ணம் அழைப்பவரின் நெஞ்சிலிருந்து அகலத் தொடங்குகிறது. பிறகு கை ஓங்குவது எளிதாகி விடுகிறது.

காவலரின் துன்பத்தையும் நாம் மறத்தல் நீதியன்று. உறக்கமும் ஓய்வுமின்றி அவர்கள் உழைக்கின்றனர். சாலையில் நிறுத்தி ஆவணம் கேட்டதும் ஏசுவதும், செல்வாக்குள்ளவரின் பெயரைச் சொல்லி மிரட்டுவதும் பண்பாகா. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவரல்லர், கோபத்தின்போது தம்மை அடக்கிக் கொள்பவரே வீரர் என்பது அண்ணலாரின் போதனை. இது இரு சாராருக்கும் உரியது. எனினும், கையில் அதிகாரம் உள்ளவரின் கோபமே உயிரைப் பறிக்கிறது. ஆகவே பொறுமையும் அவரிடமே மிகுதியாக எதிர்பார்க்கப்படும்.

சாத்தான்குளம் நிகழ்ச்சியில் நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர், அச்சத்துக்கு இடையிலும், இரவெல்லாம் நடந்த அடியைப் பற்றி நடுவர் முன் உண்மை உரைத்தார். தமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம் பணிக்கின்றது. சீருடைக்குள்ளிருந்தே அப்பணியை ஒருவர் நிறைவேற்றிக் காட்டினார். காக்கி உடையின் மானத்தைக் காத்தவர் அவரே.

அதிகாரம் என்பது அமானிதம். கொடுத்தவன் ஒருநாள் கணக்குக் கேட்பான். அந்நாளில் பதவியும் துணை வராது. மறைக்கப்பட்ட பதிவும் மறைந்திராது. கோபத்தை வெல்லும் ஆற்றலையும், அநீதி கண்டவிடத்து வாய்திறக்கும் துணிவையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!